கச்சேரிப் பதிவைப் பகிரும்முன்

சிக்கடபள்ளி தியாகராய கான சபாவில் ஒருவர் எடுத்த பதிவு நாலைந்து கைபேசிகள் தாண்டி நம்மிடம் வரும்போது தம்புரா தேய்ந்து, மிருதங்கம் மொத்தென்று கேட்கிறது. மைக் நன்றாகத்தான் இருந்திருக்கும். வழியில் யாரோ வடிவத்தை மாற்றியிருப்பார்கள்.

1. பதிவு செய்வதற்கும் பகிர்வதற்கும் வித்வானிடமும் சபாவிடமும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள்.

2. ரெக்கார்டரில் வேவ் வடிவம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் ஒலி ஏற இடம் வேண்டும்.

3. வெட்டுவது, ஒலியைக் கூட்டுவது எல்லாவற்றையும் வேவிலேயே முடித்துவிட்டு ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கும். திறந்தால் ஒரு பிட் குறையாமல் பழைய ஒலியே வரும். ஃபிளாக் 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

4. பலரும் சறுக்குவது எம்பி3-இல்தான். காதுக்கு எட்டாது என்று அது கணிப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறது. ஒலியைச் சுமார் 26 மில்லிவிநாடித் துண்டுகளாக எடுத்துச் சுருக்குவதால், அமைதியில் சட்டென விழும் கஞ்சிரா அடிக்கு முன்னாலேயே லேசான இரைச்சல் கசியும். 320 கேபிபிஎஸ்ஸில் இது பெரும்பாலும் தெரியாது, 128-இல் தெரியும். எம்பி3-ஐத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3-ஆகச் சேமித்தால் இன்னொரு முறை இழப்பு. வெட்டியே ஆகவேண்டுமென்றால் எம்பி3டைரக்ட்கட் போன்ற மென்பொருளில் வெட்டுங்கள். அது மறுபடி சுருக்காது.

இதைவிட மோசம், எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றிப் பகிர்வது. ஒரு ரசிகர் ஆசையோடு 600 எம்பி ஃபிளாக் தந்தார். ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (அலைவரிசைப் படம்) போட்டுப் பார்த்தேன்: 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லை, கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோடு. பழைய 128 எம்பி3 ஒன்றுதான் ஃபிளாக் பெயரில் வந்திருந்தது. கறந்த பால் மடிக்குத் திரும்பாது. கையில் எம்பி3 மட்டும் இருந்தால் அதை அப்படியே கொடுங்கள், அதில் குறைவில்லை.

5. சேர்த்து வைப்பவருக்கு ஃபிளாக், காரில் கேட்பவருக்கு 320 எம்பி3. ஒரு மணி நேரம் 144 எம்பிதான். 320-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. எம்பி3-ஐ எப்போதும் ஃபிளாக்கிலிருந்தே எடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணையுங்கள். 2 ஜிபி வரை போகும்.

6. எந்த ரெக்கார்டர், எந்த வடிவம், எத்தனை முறை மாற்றியது என்று ஒரு வரி எழுதிக் கூடவே அனுப்புங்கள். அடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக் கெடுக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதும். அசல் வேவை மட்டும் இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.