வீடு தேடி வரும் மருத்துவக் குழு

கேள்வி: நடமாட முடியாத முதியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் என்னென்ன கிடைக்கும்?

பதில்: தமிழக அரசின் இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள், இயன்முறைப் பயிற்சி, படுத்த படுக்கையாய் இருப்போருக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சை, வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியவை வீட்டுக்கே வருகின்றன.

குழுவின் அச்சாணி மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். பெரும்பாலும் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிவதில்லை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, அளவு தாறுமாறாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கவாதத்தில் கை கால் இழுத்துக்கொண்டவருக்கு இயன்முறை மருத்துவர் வருவார். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவதும், அதை வீட்டாருக்குக் கற்றுத் தருவதும் செவிலியர் பொறுப்பு. முதுமையில் ஒரு நோய் தனியாக வருவதில்லை என்பதால், ஒரே மருத்துவரை விட இப்படிப் பலர் கூடிப் பார்ப்பதே பொருத்தம்.

மருத்துவர் மட்டும் அடிக்கடி வீட்டுக்கு வருவார் என எதிர்பார்க்க முடியாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்ற அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ்தான் வழி.

2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பெயர் சேர்க்க, பழைய மருந்துச் சீட்டுகளுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.