வானில் பறக்க உடல் நலம் வேண்டும்
(விமானி ஆவதற்கான மருத்துவப் பரிசோதனையும் நாம் செய்ய வேண்டிய ஆயத்தமும்)

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. எல்லாத் தொழிலுக்கும் உடல் நலம் தேவையே. ஆயினும் சில தொழில்களில் அது முதற்படியாகவே வைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று விமானம் ஓட்டும் தொழில். எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், எவ்வளவு பணம் கட்டினாலும், மருத்துவச் சான்று இல்லாதவர் விமானியின் இருக்கையில் அமர முடியாது.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் நமக்குக் கப்பலும் படகும் கண்டெயினர் லாரியும் பழகியவை. விமானம் மட்டும் எட்டாத் தொலைவில் இருப்பதாகவே எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணத் தேவையில்லை. ஆனால் ஆசை கொண்டவர்கள் சரியான வரிசையில் அடியெடுத்து வைக்க வேண்டும். பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு, மருத்துவச் சோதனையில் குறை தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னாகும்? எனவே இதைப் பத்தாம் வகுப்பிலேயே அறிந்துகொள்வது நலம்.

முன் நடந்த பெண்கள்

1936-ல் சரளா தக்ரால் விமானி உரிமம் பெற்று, இந்தியப் பெண் விமானிகளின் முன்னோடிகளுள் ஒருவர் என்று பெயர் பெற்றார். நம் சென்னையோடு தொடர்புடையவர் உஷா சுந்தரம். பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர் இவர். 1951-ல் சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட 'டவ்' விமானத்தைத் தம் கணவர் வி. சுந்தரத்துடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். 2021 மே மாதத்தில் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில் துணை விமானியாக அமர்ந்திருந்த ஜெனி ஜெரோம், கொச்சுத்துறை என்னும் கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். கடற்கரைக் குப்பத்துக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள தூரம் கடக்கக்கூடியதே என்பதற்கு இவர் சான்று.

இருவகைச் சான்றுகள்

நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 16 வயது நிரம்பியவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். 18 வயதில், 200 மணி நேரம் பறந்த அனுபவத்துடன், வணிக விமானி உரிமம் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுப்பவர்களுக்கே வழி நேரானது.

மாணவ விமானிக்கு இரண்டாம் வகை மருத்துவச் சான்று போதும். இதை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர் சோதித்துத் தருவார். வணிக விமானிக்கு முதல் வகைச் சான்று தேவை. இதற்கான சோதனை கடுமையானது. பெங்களூரில் இந்திய விமானப்படை நடத்தும் வான்பயண மருத்துவக் கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் நடைபெறும். 1957-ல் தொடங்கப்பட்ட இக்கழகத்தில்தான் ககன்யான் விண்வெளி வீரர்களும் தேர்வுக்கான மருத்துவச் சோதனைக்கு உட்பட்டனர். அவர்களுள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை.

சான்று ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று எண்ண வேண்டாம். வணிக விமானி 40 வயதுக்கு உட்பட்டவராயின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே விமானிக்கு உடல் நலம் ஒரு நாள் தேர்வன்று, நாள்தோறும் எழுதும் பாடம்.

கண்

முதலில் சோதிக்கப்படுவது கண். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862-ல் வகுத்தவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன். 6/6 என்றால், நல்ல கண் 6 மீட்டரில் காணும் எழுத்தை நாமும் 6 மீட்டரில் காண்கிறோம் என்பது பொருள். 6/9 என்றால், நல்ல கண் 9 மீட்டரில் காண்பதைக் காண நாம் 6 மீட்டருக்கு நெருங்க வேண்டியுள்ளது. விமானிக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற விதி. கண்ணாடி அணிந்து இதை எட்டினாலும் போதும்! கண்ணாடி அணியும் விமானி, பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

நம் பாடத்தில் படித்த கணக்கை இங்கே நினைவு கூர்வோம். ஒரு பெண்ணுக்கு 50 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரிகிறது என்று கொள்வோம். அவளுக்கு வேண்டிய குழிலென்சின் குவியத் தொலைவு 0.5 மீட்டர். திறன் = 1 ÷ (-0.5) = -2 டயாப்டர். இவ்வளவு எளிய திருத்தத்தால் தீரும் குறையை நம்மில் பலர் மறைக்கிறோம். "கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதும் மாணவிகள் எத்தனை பேர்! மறைத்த குறை வளரும். கண்ணாடி போட்ட குறை நம் கட்டுக்குள் இருக்கும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், 1819-ல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே உள்ளன. விமானி ஆக விரும்பாதவர்களும் ஒரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. கண்ணின் பவர் மாறிக்கொண்டிருக்கும் வயதில் லேசர் சிகிச்சைக்கு அவசரப்படுதல் கூடாது.

நிறம்

காசிமேட்டுத் துறைமுகத்தில் இரவில் நின்றால் கப்பல்களின் விளக்குகளைக் காணலாம். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. விமானத்தின் இறக்கைகளிலும் இதே ஒழுங்குதான்: இட இறக்கையில் சிவப்பு, வல இறக்கையில் பச்சை. கப்பலிடமிருந்து விமானம் கற்ற பாடம் இது. எதிரே தெரியும் விளக்கின் நிறத்தைக் கொண்டே அது எப்பக்கம் செல்கிறது என்று அறியலாம்.

ஓடுபாதையின் அருகே நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். வானொலி பழுதடைந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காட்டும் பச்சை ஒளி இறங்க அனுமதி. சிவப்பு ஒளி இறங்காமல் வட்டமிடக் கட்டளை. நிறம் தெரியாத விமானிக்கு இவை எப்படிப் புரியும்?

இதற்காகவே ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த படங்களை வெளியிட்டார். நிறக்குருடு பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. ஐரோப்பிய நாடுகளில் ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வரை இக்குறை உண்டு. பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவரே. இந்தச் சோதனையில் மட்டும் இயற்கை நம் பக்கம் நிற்கிறது எனலாம்.

செவி

விமானி வானொலி வழியே வரும் சொற்களைத் தவறின்றிக் கேட்க வேண்டும். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் செவித்திறன் இழப்பு இருத்தல் ஆகாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் செவி பழுதாகும். லாரிகளின் ஏர் ஹாரனும் படகின் டீசல் எஞ்சினும் ஆலைச் சத்தமும் நம்மைச் சுற்றி ஏற்கெனவே உள்ளன. அவை போதாதென்று காதுக்குள் கருவியைச் செருகி உரக்கப் பாட்டுக் கேட்பது நாமே விலை கொடுத்து வாங்கும் கேடு.

உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறைந்து, நடுச்செவியில் அடைபட்ட காற்று விரியும், இறங்கும்போது சுருங்கும். பாயில் விதி இங்கே வேலை செய்கிறது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையேயுள்ள குழல் திறந்திருந்தால் துன்பமில்லை. சளி பிடித்து அது அடைத்திருந்தால் கடும் வலி வரும். ஆகவே காதில் சீழ் வடிதல், ஓயாத சளி, செவிப்பறையில் துளை ஆகியவற்றை அலட்சியம் செய்யாமல் இப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோழி இறகால் காது குடையும் பழக்கத்தை விட வேண்டும்.

இரத்தமும் மூச்சும்

பெண்களாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நூறு மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் பெண்களுக்கு அது இரத்தசோகை.

பயணி விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்ற அளவுக்கு இறங்கலாம். அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் களைப்பும் தலைச்சுற்றலும் விரைவில் வரும்.

இதைச் சரிசெய்யச் சில மாதங்கள் ஆகும். தேர்வுக்கு முதல் நாள் பேரீச்சம்பழம் தின்று பயனில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் நெத்திலி ஆகியவற்றை வாடிக்கையாக உண்ண வேண்டும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். உணவு உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைபடும். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் விழுங்குவோமாக.

மார்பு எக்ஸ்-ரேயும் இதயத் துடிப்பை வரையும் இ.சி.ஜி.யும் இரத்த அழுத்தச் சோதனையும் உண்டு. புகையும் தூசியும் நிறைந்த பகுதியில் வாழும் நமக்கு மூச்சிரைப்பு வந்தால் "குளிர்ச்சி" என்று தள்ளாமல் சிகிச்சை பெற வேண்டும். கடுமையான ஆஸ்துமா இச்சோதனையில் தடையாகும்.

உண்மை

விண்ணப்பத்தில் பல கேள்விகள் கேட்கப்படும். வலிப்பு வந்ததுண்டா? மயங்கி விழுந்ததுண்டா? அறுவை சிகிச்சை நடந்ததா? மன நோய்க்கு மருந்து உண்டா? இங்கே பொய் எழுதத் தூண்டுவோர் இருப்பார்கள். 2015 மார்ச் 24 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஜெர்மன்விங்ஸ் விமானம் மோதி 150 பேர் மாண்டனர். துணை விமானி தம் மன நோயை நிறுவனத்திடம் மறைத்து, விமானத்தை வேண்டுமென்றே மலையில் மோதினார் என்று விசாரணையில் தெரிந்தது. மனம் நோவது வெட்கத்துக்குரியதன்று. வேளையோடு சொல்லிச் சிகிச்சை பெற்றால் குணமாகும். நம் பின்னால் அமர்ந்திருப்போரின் உயிரோடு சேர்த்து மறைப்பதே குற்றம்.

சோதனை நாளுக்கான குறிப்புகள்

1. முழுக் கட்டணம் கட்டும் முன்னரே இரண்டாம் வகைச் சோதனையையும், இயன்றால் முதல் வகைச் சோதனையையும் முடித்துவிட வேண்டும்.
2. கண்ணாடி, பழைய மருந்துச் சீட்டுகள், அறுவை சிகிச்சைத் தாள்கள் அனைத்தையும் ஒரே உறையில் எடுத்துச் செல்ல வேண்டும்.
3. முதல் நாள் இரவு நன்கு உறங்க வேண்டும். உரத்த ஒலியிலிருந்து விலகியிருக்க வேண்டும்.
4. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அவ்வாறே செல்ல வேண்டும். தண்ணீர் குறித்தும் கேட்டறிய வேண்டும்.
5. மாதவிலக்கு நாட்களில் சிறுநீர்ச் சோதனையின் முடிவு மாறக்கூடும். வேறு தேதி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.
6. எடையைக் குறைக்கப் பட்டினி கிடத்தல் கூடாது. நடையும் கயிறு தாண்டுதலும் போதும்.
7. சளியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப் போடுவதே அறிவுடைமை.

தகுதியில்லை என்று வந்தால்?

"தற்காலிகமாகத் தகுதியில்லை" என்பது வேறு, "நிரந்தரமாகத் தகுதியில்லை" என்பது வேறு. முன்னது சிகிச்சைக்குப் பின் மாறலாம். மறு சோதனைக்கும் மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. பின்னது வந்தாலும் வாழ்வு முடிந்துவிடாது. விமானத்தை வடிவமைக்கும் பொறியாளர், பழுது பார்ப்பவர், வானிலை ஆய்வாளர் ஆகியோர் இன்றி எந்த விமானமும் பறப்பதில்லை.

தோழியரே! நம்முள் விமானி ஆகப்போகிறவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். ஆனால் தெளிவான கண்ணும், நல்ல செவியும், செழிப்பான இரத்தமும், உண்மை பேசும் துணிவும் அனைவருக்கும் வேண்டியவை. இவ்வாண்டிலேயே நம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒருமுறை கண்ணையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வோம். கண்ணாடி தேவையென்றால் தலை நிமிர்ந்து அணிவோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி