ஸ்டேஜ் பியானோ வாங்கும் முன்: ஒலியும் கட்டையும்

டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோவில் கம்பிகள் கிடையாது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு எடை மேலெழும். பழைய பியானோவின் சுத்தியலுக்கு அதுதான் மாற்று. கட்டை கீழே இறங்கும்போது ஒரு சென்சாரிலிருந்து அடுத்த சென்சாருக்குப் போக எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கருவி அளக்கிறது. அந்த வேகம் 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாறுகிறது. எந்த ஒலியை எவ்வளவு உரக்க எழுப்புவது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒலிக்கு ஒரு மதிப்பெண், கட்டைக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே போட்டுக் கூட்டுவதில் பொருளில்லை. 'ஒலி மந்தம்' என்று கடையில் ஒதுக்கப்படும் கருவிகள் சிலவற்றில் ஒலியில் ஒரு குறையும் இருக்காது. கட்டை கனமாக இருப்பதால் வாசிப்பவரின் விரல் மேல் எண்களை எட்டியிருக்காது, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு கருவிகளை ஒரு மிடி கேபிளால் இணைத்து, ஒன்றின் கட்டையில் வாசித்து மற்றதன் ஒலியைக் கேட்டால் போதும். சற்று முன் உயிரில்லாமல் கேட்ட அதே பியானோ ஒலி, வேறு கட்டையில் துள்ளி எழுவதுண்டு. கேபிள் இல்லாவிட்டால், விரலின் வேகம் எந்த எண்ணாக மாற வேண்டும் என்பதை மாற்றும் 'டச் கர்வ்' அமைப்பை ஒரு படி இலகுவாக்கி மறுபடி வாசித்துப் பார்க்கலாம். ஒலியைக் குறை சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டையின் கனத்தைக் கிராமில் சொல்வது வழக்கம். கிராண்ட் பியானோவின் நடுப்பகுதியில் ஒரு கட்டை மெல்ல இறங்கச் சுமார் 50 கிராம் தேவை. மந்தர ஸ்தாயியில் கொஞ்சம் கூடும், மேலே போகப் போகக் குறையும். ஆனால் இது மெதுவாக அழுத்தும்போது உள்ள கனம். வேகமாக வாசிக்கையில் விரல் சுமப்பது உள்ளே நகரும் எடையின் நிலைமத்தை. அதை எந்த விவரப் பட்டியலும் சொல்வதில்லை. கட்டையின் நீளமும் அப்படித்தான். கிராண்டில் கட்டை நீண்டு உள்ளே போகிறது. பெரும்பாலான மேடைக் கருவிகளில் அதன் சுழல்புள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. கருப்புக் கட்டைகளுக்கு இடையே, உட்புறமாக வெள்ளைக் கட்டையை அழுத்தினால் வித்தியாசம் உடனே தெரியும்: முனையில் இலகுவாக இருந்தது அங்கே பிடிவாதம் பிடிக்கும். இரண்டு மூன்று கருப்புக் கட்டைகள் வரும் கார்டுகளை மெதுவாக வாசித்துப் பார்க்காமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. கட்டை முழுதும் மேலெழும் முன்பே மறுபடி ஒலிக்கும் வசதியை செபஸ்தியான் எரார் 1821-இல் கிராண்ட் பியானோவுக்குக் கொண்டுவந்தார். டிஜிட்டலில் அந்த வேலையை மூன்றாவது சென்சார் செய்கிறது. இரண்டே சென்சார் உள்ள கருவியில், மெல்லிய ஒலியில் விரைவாகத் தட்டினால் சில ஸ்வரங்கள் விழுந்துபோகும். வால்யூமைப் பூஜ்யமாக்கியும் ஒரு முறை வாசிக்க வேண்டும். கடையின் இரைச்சலில் கேட்காத கட்டைச் சத்தம், இரவில் கீழ்வீட்டுக்காரருக்கு நன்றாகவே கேட்கும்.

ஒலிக்கு வரும்போது முதலில் ரிவெர்பையும் ஈக்வலைசரையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு எல்லாக் கருவிகளின் உரப்பையும் ஒரே அளவில் வைத்து, ஒரே ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதைக் காது 'நல்லது' என்று நம்பிவிடும். விற்பவர்களுக்கும் இது தெரியும். ஒரு நடு ஸ்வரத்தை மிக மெல்லியதிலிருந்து மிக உரத்ததுவரை படிப்படியாக வாசித்தால், ஒரு சாம்பிள் (பதிவுசெய்த ஒலித்துண்டு) முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிறம் சட்டென்று மாறுகிறதா என்று பிடிபடும். மந்தர ஸ்வரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக் கடைசிவரை கேட்டால், இயல்பாகத் தேய்கிறதா, லூப்பில் மாட்டிச் சுற்றுகிறதா என்பது தெரிந்துவிடும். ரோலண்ட் 2009-இல் வெளியிட்ட வி-பியானோ போல, பதிவுகளை நம்பாமல் கணக்கீட்டால் ஒலியை உருவாக்கும் கருவிகளில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. ஆனால் அந்த ஒலி சற்றுக் கண்ணாடித்தனமாக இருப்பதாகச் சில காதுகளுக்குப் படும்.

பலரும் விட்டுவிடும் சோதனை மோனோ. ஹெட்ஃபோனில் அகன்று விரியும் ஸ்டீரியோ பியானோ, மிக்ஸரில் ஒரே சானலாகச் சேரும்போது நடு ஸ்தாயியில் குழிவிழுந்து மெலிந்துபோகலாம். மேடையில் மோனோ அமைப்பே இருந்தால், கேட்பவருக்குப் போய்ச் சேருவது அந்த மெலிந்த ஒலிதான். தனியாகக் கேட்க இனிமையான, இருண்ட நிறமுள்ள பியானோவும் டிரம்ஸுக்கும் பாஸ் கிதாருக்கும் நடுவே காணாமல் போகும். சேர்ந்து வாசிப்பவருக்குக் கொஞ்சம் பளிச்சென்ற ஒலிதான் உதவும்.

பெயர்ப்பலகையை வைத்துக் கட்டையைக் கணிக்க முடியாது. நார்ட் ஸ்டேஜ் வரிசையின் 88 கட்டைக் கருவிகளில் இருப்பது இத்தாலிய ஃபாதார் நிறுவனத்தின் கட்டைகள். அதே நார்ட் 2019-இல் வெளியிட்ட நார்ட் கிராண்டில் இருப்பவை கவாய் கட்டைகள். அந்த ஆண்டே வந்த யமஹா சிபி88-இல் வெள்ளைக் கட்டைகள் மரத்தாலானவை. நல்ல கட்டைக்கு எடையும் ஒரு விலை: நீண்ட மரக்கட்டைகள் கொண்ட கவாய் எம்பி11எஸ்இ 30 கிலோவைத் தாண்டும், ரோலண்ட் ஆர்டி-2000 சுமார் 22 கிலோ. கேசியோ பிஎக்ஸ்-எஸ்1000 ஏறத்தாழ 11 கிலோதான், ஆனால் அதன் கட்டையிடம் கிராண்டின் நுட்பத்தை எதிர்பார்க்கக் கூடாது. மாடிப்படி ஏறித் தனியாகத் தூக்கிச் செல்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒலி பிடித்துக் கட்டை ஒத்துவராத கருவி ஒன்று, கட்டை பிடித்து ஒலி சுமாரான கருவி ஒன்று என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இரண்டாவதையே எடுக்கலாம். மடிக்கணினியில் பியானோடெக் போன்ற மென்பொருளை இணைத்தால் வேறு ஒலி கிடைத்துவிடும். கட்டையை அப்படி மாற்ற முடியாது.