இணையத்திற்கு மானியம்: கம்பிக்கா, கட்டணத்திற்கா?

பெங்களூரின் பழைய கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்த சிவாஜிநகரில் இணையக் கம்பிகளுக்குப் பஞ்சமில்லை. 1927இல் எழுப்பப்பட்ட ரஸ்ஸல் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் கைப்பேசி அலைவரிசையும் கிடைக்கிறது. ஆனால் அங்கு மூட்டை சுமப்போர், தள்ளுவண்டி வணிகர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் வருமானம் அன்றாடம் வருவது. இணையக் கட்டணமோ மாதந்தோறும் முன்கூட்டியே செலுத்த வேண்டியது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தியபின் இந்தச் சுமை மேலும் கூடியது. இத்தகைய குடும்பங்கள் அரசு உதவிக்கு உரியவைதாமா என்ற வினாவுக்குச் சட்டம் நெடுங்காலம் 'இல்லை' என்றே விடை கூறி வந்தது.

அனைவர்க்கும் தொலைத்தொடர்பு வழங்குவதற்கான நிதியம் 2002இல் செயற்படத் தொடங்கி, 2003ஆம் ஆண்டின் தந்திச் சட்டத் திருத்தத்தால் சட்டத் தகுதி பெற்றது. நிறுவனங்களின் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 விழுக்காடு இதற்கென வசூலிக்கப்படுகிறது. நிதியத்தின் நோக்கமாகச் சட்டம் குறித்தது ஊரகங்களையும் தொலைதூரப் பகுதிகளையும் மட்டுமே. சிவாஜிநகர்த் தொழிலாளி செலுத்தும் கட்டணம் நிறுவனத்தின் வருவாயில் சேர்கிறது. அதன் ஒரு பகுதி நிதியத்திற்குச் செல்கிறது. ஆயினும் அந்த நிதியத்தின் பயனாளிகள் வரிசையில் அவருக்கு இடமில்லை. அன்று ஊரகங்களில் தொலைபேசியே அரிதாக இருந்தமையால் இவ்வரையறை நியாயமானதே. காலம் மாறிய பின்னரும் அது மாறாதிருந்ததே குறை.

அரசியல் அரங்கில் பெரிதும் பேசப்பட்டது வேறொரு பூசலாகும். இத்தொகை முதலில் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, நாடாளுமன்ற ஒப்புதலுடனேயே நிதியத்திற்கு வருகிறது. வசூலானதில் பெரும் பகுதி செலவாகாமல் தேங்கியிருப்பதைச் சுட்டி, அது தீரும்வரை வசூலை நிறுத்துமாறு நிறுவனங்கள் கோரின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் 2015இல் 5 விழுக்காட்டை 3 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஊரகப் பணி முடியவில்லை என்பது அரசின் வாதம். சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது. 2017 டிசம்பரில்தான் ஒரு லட்சம் ஊராட்சிகள் எட்டப்பட்டன. எஞ்சிய பணிகளுக்கென 2023இல் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. வசூலைக் குறைத்தால் அந்த ஆதாயம் சந்தாதாரரைச் சென்றடையும் என்பதற்கு நிறுவனங்கள் எந்த உறுதியும் தரவில்லை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

கம்பி பதிப்பதற்கு மானியம் வழங்குவதா, பயன்படுத்துவோரின் கட்டணத்திற்கு வழங்குவதா என்பதே அடிப்படையான கேள்வி. ஊரகச் சந்தாதாரருக்கு மாதம் 100 எம்.பி. இலவசத் தரவு அளிக்க ஆணையம் 2016 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2021இல் ஊரகக் கம்பிவழி இணையக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய் உச்சவரம்புடன், நேரடியாகத் திருப்பித்தரும் முன்னோடித் திட்டத்தைப் பரிந்துரைத்தது. இரண்டும் ஊரகத்தையே கருதின. கேரள அரசு 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டமோ வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காகக் கொண்டது. அங்கு ஊர், நகர் என்ற பாகுபாடின்றி வறுமையே அளவுகோலாயிற்று.

கட்டண மானியத்தின் இடர்ப்பாட்டை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு 1,420 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை கட்டணக் கழிவு வழங்கப்பட்டது. சுமார் 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்தன. பலர் முன்னரே இணைப்பு வைத்திருந்தவர்கள்; அவர்களுக்கு உதவுவது வீண் செலவு என எதிர்த்தோர் வாதிட்டனர். புதிய ஒதுக்கீடு கிடைக்காமல் 2024 ஜூன் முதல் நாளில் திட்டம் முடிவுற்றது. வீண் செலவு என்னும் வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் ஊராட்சி அலுவலக வாயில்வரை சென்று வீடுகளை எட்டாது நிற்கும் கண்ணாடி இழைக்கும் அது பொருந்தும். முன்னரே இணைப்புள்ள ஏழைக் குடும்பம் அதற்காக எந்தச் செலவைக் குறைத்துக்கொண்டது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நிதியத்தை 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் மாற்றி, சேவை குறைந்த 'நகர்ப்புற' பகுதிகளையும் சேர்த்தது. அதற்கான விதிகள் 2024 ஆகஸ்டில் வெளியாயின. சேவைக் குறைவைக் கம்பியின் இருப்பைக் கொண்டு அளந்தால் சிவாஜிநகர் விலக்கப்படும். குடும்ப வருமானத்தில் கட்டணத்தின் பங்கைக் கொண்டு அளந்தால் உட்படும்.

மானியமின்றியும் ஒரு வழி உண்டு. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வானி திட்டத்தின்படி தேநீர்க்கடைக்காரரும் உரிமமின்றிச் சிறு தொகைக்கு வைஃபை விற்கலாம். ஆனால் அவர் நிறுவனத்திடம் வாங்கும் இணைப்பின் விலையே தடையாக நின்றது. 2025 ஜூனில் ஆணையம், 200 எம்.பி.பி.எஸ். வரையிலான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல் இருமடங்குக்கு மேல் அவரிடம் வசூலிக்கலாகாது என ஆணையிட்டது.