முலுண்டில் இருக்கும் மருமகளுக்கு



அத்தை எழுதுவது. நேற்று உன் அப்பா போன் பண்ணி, "புள்ள பம்பாய்ல இருக்க முடியலைங்கா. வேலைய விட்டுட்டு வந்துரட்டுமான்னு கேக்கா. நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்றான். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற அன்றைக்கு எடுத்துப் படி.

நீ அடுக்கிய குறைகளையெல்லாம் அவன் ஒப்பித்தான். ரயிலில் தள்ளுகிறார்கள், முகம் கொடுத்துப் பேச ஆளில்லை, வீடு கையகலம், ஓட்டல் சாம்பார் இனிக்கிறது. நாலும் உண்மைதான். கடைசிக் குறைக்கு என்னிடம் மருந்து கிடையாது. உடுப்பிக்காரர்கள் வெல்லம் போடுவதை நமக்காக நிறுத்தப்போவதில்லை. மற்ற மூன்றையும் பேசுவோம்.

முதலில் ரயில். அந்த ஊரில் ரயில் பிடிபட்டால்தான் மற்றது பிடிபடும். நீ முலுண்டில் ஏறிக் குர்லாவில் இறங்கி பி.கே.சி. (பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ்) அலுவலகத்துக்குப் போகிறாய். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேக்கு, 34 கிலோமீட்டர் தூரம், 400 விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய வழி அது. அன்றைக்கு 21 பீரங்கி முழங்கி அனுப்பி வைத்தார்கள். இன்றைக்கு உன் முதுகில் ஒரு முழங்கை விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளாட்பாரத்துப் பலகையைப் படிக்கப் பழகு. கே என்றால் கல்யாண், டி என்றால் தாணே, ஏ என்றால் அம்பர்நாத், என் என்றால் கசாரா. எஸ் இரண்டு இடத்தில் வரும். ஊர் எழுத்தாக வந்தால் கர்ஜத், வேக எழுத்தாக வந்தால் ஸ்லோ. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த எஸ்ஸில்தான் முழிப்பார்கள்.

அதைவிட முக்கியம், தினமும் ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே வாசல் என்று வைத்துக்கொள். வண்டிக்கு அங்கே பேர் கிடையாது, நேரம்தான் பேர். "நான் எட்டு பன்னிரண்டு ஸ்லோ" என்று சொல்வார்கள். ஒரு மாதம் அதே வாசலில் நின்று பார். முகம் கொடுத்துப் பேச ஆளில்லை என்று சொன்னாயே, அந்தப் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். அலுவலகத்தில் தேடாதே.

லேடீஸ் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. திரும்பும்போது குர்லாவில் ஏறியதும் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் "எங்கே இறங்குவீர்கள்" என்று ஒவ்வொருவராகக் கேள். ஒருத்தி காட்கோபர் என்பாள். ஆனால் அந்த இடத்தை உனக்கு முன்னால் பச்சைச் சுடிதார்க்காரி ஒருத்தி சொல்லி வைத்திருப்பாள். அவளிடம் கேட்டால் அவள் விக்ரோலியில் இறங்குகிறவளாக இருக்கும். அவளுக்கு அப்புறம் நீ. சீட்டில்லை, ரசீதில்லை, ஆனாலும் அந்த வரிசையை யாரும் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் பெட்டியே திரண்டு சண்டைக்கு வரும். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளுக்கும் பாத்தியதை உண்டு. "தோடா கிஸ்கோ" என்றால் மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சாண் நகர்வார்கள். சுளிப்பைப் பார்க்காதே, அந்த ஒரு சாணைப் பார்.

சாயந்திர வண்டியில் எதிரே இருப்பவள் மடியில் பட்டாணியைக் கொட்டி உரிப்பாள், இல்லையென்றால் வெந்தயக்கீரை ஆய்வாள். தொலியும் காம்பும் தனிப் பையில் போகும், தரையில் விழாது. கிளிப், கம்மல், சேப்டி பின் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் அந்த நெரிசலுக்குள் ஊடுருவி வருவாள். வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய பாதி வேலையை ரயிலிலேயே முடித்துவிடுகிற பெண்களின் ஊர் அது. அவர்களுக்குச் சிரிக்க நேரம் குறைவு. அது உன் மேல் கோபம் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. பையை முன்பக்கம் மாட்டு. இறங்கும் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே வாசல் பக்கம் நகர்ந்து, முன்னால் நிற்கிறவளிடம் "குர்லாவா?" என்று கேட்டுக்கொள். வாசலில் தொங்கவே கூடாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவும் கூடாது. சமீப வருஷங்களில் கூட அந்த ஊர்ப் புறநகர் ரயில் பாதைகளில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வண்டி போனால் ஐந்து நிமிஷத்தில் அடுத்தது வரும். லேட்டானால் மேனேஜர் திட்டட்டும்.

ரயிலுக்கு வெளியே உனக்குச் சந்தோஷமான சமாசாரங்களும் உண்டு. ஆட்டோ மீட்டர் போட்டு ஓடும், மிச்சச் சில்லறை திரும்பி வரும். திருநெல்வேலி ஜங்ஷனில் வளர்ந்த உனக்கு இது அதிசயமாக இருக்க வேண்டும். கிட்டத்து ஊருக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு, விட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிடு. சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே ஆட்டோ போகக்கூடாது, டாக்சிதான். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். நீயும் நில். பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் நம்பர் மராத்தியில் இருக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை உட்கார்ந்து படித்தால் ஒரு மணி நேரத்து வேலை. வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிற டப்பாவாலாக்களை இன்னும் பார்த்திருக்க மாட்டாய். 1890-இல் தொடங்கிய தொழில். பெரும்பாலும் புனே பக்கத்துக் கிராமத்தார். டப்பா மூடியில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்தே எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆள் குறைந்துவிட்டது. அவர்கள் நீளப் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போது வழியில் நிற்காதே, அது போதும்.

இனி வீடு. பதினோரு மாத ஒப்பந்தம், கனத்த டெபாசிட், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்று உன் அப்பா புலம்பினான். ஊர் வழக்கமே அதுதான். ஒப்பந்தம் முடிகிற தேதியை இப்போதே குறித்து வை, அதற்கு இரண்டு மாதம் முன்பே பேசு. பதிவு செய்யாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பெரிய வீடு வேண்டும் என்று பத்லாபூர் பக்கம் ஓடலாமா என்று யோசிக்கிறாயாமே, வேண்டாம். ஒரு அறை கூட இருந்து என்ன செய்ய, அதில் தூங்கத்தான் நேரம் இருக்கும். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் கையகல வீடு போதும்.

முலுண்டில் குஜராத்திக் குடும்பங்கள் நிறைய. நீ இருக்கும் சொசைட்டி சைவமா என்று விசாரித்துக்கொள். இல்லையென்று உறுதியான பிறகுதான் நம் ஊர்க் கருவாட்டை வெளியே எடு. ஆசை தாங்காவிட்டால் மார்க்கெட்டில் கோலிப் பெண்கள் விற்கிற காய்ந்த பொம்பிலை வாங்கி அலுவலகத் தோழி யார் வீட்டிலாவது வறுத்துச் சாப்பிடு. அந்தப் பெண்களிடம் பேரம் பேசும்போது "மாவ்ஷி" என்று கூப்பிடு. சித்தி என்று கூப்பிட்டபின் எடையில் கொஞ்சம் இளகுவார்கள். எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்து வை. அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சாவி கை மாறின அன்றைக்கே பாதிச் சொந்தம் வந்துவிடும்.

இந்திக்கு முன்னால் மராத்தி படி. நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1966-இல் சிவசேனை தொடங்கிய புதிதில் அதன் கோபம் நம்மவர்கள் மேல்தான் திரும்பியது. வேலைகளைத் தெற்கத்திக்காரர்கள் பறிக்கிறார்கள் என்றார்கள், வேட்டியைக் கேலி செய்து கோஷம் போட்டார்கள், உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. அந்தக் காலத்திலும் ஊரைவிட்டு ஓடாமல் மராத்தி பேசிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அன்று கல்லெறிந்தவரின் பேரப்பிள்ளை இன்று மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிறான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

மாட்டுங்காவுக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லிகைப்பூ, வாழையிலை, பில்டர் காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். ஆனால் வாராவாரம் போய் அங்கேயே அடைந்துகொள்ளாதே. தாராவிக்கும் போ. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் அங்கே இருக்கிறார்கள், உன் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்பார்கள். பொங்கலன்று தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பர்வாடாவும் அதற்குள்ளேதான். இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் போய்ப் பார்.

உன் வீட்டைச் சுற்றியே அதிசயம் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. மேற்கே தெரிகிற மலை, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடு, உள்ளே சிறுத்தை. முலுண்டு மேற்கில் அது இறங்கி வந்து நாய் பிடித்துப் போன கதையை உங்கள் வாட்ச்மேனே சொல்வார். கிழக்கே தாணே கழிமுகம். நவம்பரில் தொடங்கிக் கோடை வரை பூநாரைகள் அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கும். பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கமோ ஐரோலிப் பக்கமோ போனால் பார்க்கலாம். இது மே மாதம், மழை வந்தால் பெரும்பாலும் போய்விடும். அடுத்த லீவில் காலையிலேயே கிளம்பிவிடு.

ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை இறங்கும். குடையை நம்பாதே. ரெயின்கோட்டும் ரப்பர் செருப்பும் வாங்கு, அலுவலகத்தில் ஒரு மாற்று உடுப்பு வை. கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்காது, ஊருக்குள்ளேயே நிற்கும். தாதர் ஹிந்த்மாதா, சயான், நீ இறங்குகிற குர்லா எல்லாம் முதலில் முங்குகிற இடங்கள். அப்படிப்பட்ட நாளில் மதியமே கிளம்பு, முடியாவிட்டால் அலுவலகத்திலேயே தங்கு. நடுவழியில் மட்டும் மாட்டிக்கொள்ளாதே.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாள் கொலாபாவில் 70 சொச்சம். ஊருக்கு ஒரு முனையில் பிரளயம், மறுமுனையில் சாதாரண மழை. உன் மாமா அன்று ராத்திரி கலினாவில் யார் என்றே தெரியாத ஒருவர் வீட்டில் படுத்துவிட்டு, மறுநாள் நடந்தே எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்தார். ஒரே அறை வீடாம், ஏற்கெனவே ஆறு பேராம். இவரோடு இன்னும் நாலு பேரை உள்ளே கூப்பிட்டுச் சுக்கு டீ கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இடம் இல்லாதவர்கள்தான். ஆனால் கேட்டால் நகர்ந்து கொடுப்பார்கள். நீ இன்னும் கேட்கப் பழகவில்லை, உனக்கு அங்கே கஷ்டம் என்றால் அது ஒன்றுதான்.

அதனால் என் தீர்ப்பு இது. அக்டோபர் வரை ராஜினாமாப் பேச்சை எடுக்காதே. ஒரு மழையும் ஒரு கணபதியும் பார். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வா, உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாட்டுங்காவில் என் பழைய சிநேகிதி இருக்கிறாள், நம்பர் உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் உன்னைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளம்பும் முன் மெகா பிளாக் உண்டா என்று பார். மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் நடுவில்தான் அடிக்கடி பாதையை மறிப்பார்கள். பகல் பதினொன்றுக்குள் அவள் வீட்டில் இரு.

அன்புடன்,
அத்தை
பாளையங்கோட்டை