வாடகை வீடும் தீப்பாதுகாப்பும்

வீட்டை வாடகைக்கு விட்ட பின்னரும் அதன் கூரையும் மின்கம்பியும் உரிமையாளர் பொறுப்பேயாகும். குடியிருப்போர் அடுப்பைக் கவனிப்பர். சுவருக்குள் நைந்த கம்பியை அவர்கள் அறியார். நகர்ப்பகுதிகளுக்கான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மின்கம்பிப் பராமரிப்பை உரிமையாளரிடமே ஒப்படைத்துள்ளது. ஊராட்சிகளிலும் அதனை நெறியாகக் கொள்ள வேண்டுகிறோம்.

குடிவைக்குமுன் மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளைச் சோதித்து, மின்கசிவு தடுப்பான் பொருத்துதல் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே, சமையலறைச் சுவரில் தரையை ஒட்டிக் காற்றுவழி அமைத்தல் அவசியம்.

ஓலைக்கூரையின்கீழ் அடுப்புக்கு இடந்தரலாகாது. 2004இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ ஓலைக்கூரையில் பரவி, 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. தீயணைப்பு நிலையத்தின் 101 என்னும் எண்ணை வீடுதோறும் எழுதி வைக்கச் செய்வார்களாக.