பணம் தனித்தனி, கணக்கு பொது
நண்பர்கள் சேர்ந்து சேமிக்க ஒரு செயலி: வடிவமைப்புப் பாடம்

நண்பர்கள் ஐவர் ஓராண்டு கழித்து லடாக் சென்றுவரத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்வோம். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். பன்னிரண்டு மாதங்களில் ஒருவருக்கு 24,000. ஐவருக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய். கணக்கு எளிது. ஆனால் ஆறாம் மாதத்தில் அவர்களுள் ஒருவர் வேலையை இழக்கிறார். தவணை நிற்கிறது, தொலைபேசி அழைப்புகளை அவர் தவிர்க்கத் தொடங்குகிறார். பயணத்தோடு நட்பும் முறியும் நிலை உருவாகிறது. இந்த ஐவருக்கு உதவும் கைப்பேசிச் செயலியை வடிவமைப்பதாயின் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பழைய முறைகள் கற்பிப்பவை

சேர்ந்து சேமிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. தமிழகத்தில் சீட்டு, கேரளத்தில் குறி, வட மாநிலங்களில் கமிட்டி எனப் பல பெயர்களில் அது வழங்கி வருகிறது. 1992ஆம் ஆண்டு நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, குழுவுக்குள் கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், பிழையற்ற கணக்கேடு ஆகிய ஐந்து நெறிகளை அக்குழுக்கள் பின்பற்றுகின்றன.

இவற்றுள் கூட்டமும் கணக்கேடும் இடம்பெறுவதை நாம் கவனிக்க வேண்டும். குறித்த நாளில் பிறர் முன்னிலையில் தொகையைச் செலுத்துவதும், அது ஏட்டில் பதிவாவதும் சேமிக்கும் பழக்கத்தை உறுதிப்படுத்துகின்றன. கடன் வேண்டாத ஐந்து நண்பர்களுக்குத் தேவைப்படுவதும் இந்தச் சாட்சியமே. பொதுப் பணப்பெட்டி அன்று.

பணம் எங்கே இருக்க வேண்டும்?

ஐவரின் பணமும் ஒருவருடைய கணக்கில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வங்கியின் பதிவேட்டில் அது அவருடைய பணமே. வட்டி அவருடைய வருமானமாகப் பதிவாகும். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரையே கிடைக்கும். நண்பர்களின் பணமும் அவருடைய அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அவர் மறைந்தால் வங்கி அத்தொகையை அவருடைய நியமனதாரரிடமே ஒப்படைக்கும். அவர் எத்துணை நேர்மையானவராயினும் இச்சிக்கல்கள் எழும்.

செயலியை நடத்தும் நிறுவனமே பணத்தைத் திரட்டுவதும் தீர்வாகாது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. திரண்ட தொகையை முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வழங்கினால் அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அதற்கு மாநில அரசின் முன் அனுமதியும் பதிவும் வேண்டும்.

ஆகவே முதல் விதி இது: ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கட்டும். இலக்கு, தவணை நாள், முன்னேற்றம் ஆகியவற்றின் பதிவை மட்டும் செயலி வைத்திருக்கட்டும். விலக விரும்புபவர் தம் பணத்தோடு விலகலாம். பிறரிடம் கேட்டுப் பெற வேண்டிய பாக்கி ஏதுமில்லை.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

நண்பர்களின் வருமானம் ஒரே அளவாக இருப்பதில்லை. எனவே ரூபாய்க் கணக்கைக் காட்டாமல், அவரவர் இலக்கில் எத்தனை விழுக்காடு நிறைவேறியது என்பதைக் காட்டுவது நன்று. மாதம் 500 ரூபாய் சேமிப்பவரும் 2,000 ரூபாய் சேமிப்பவரும் ஆறு மாத முடிவில் 50 விழுக்காட்டில் ஒருசேர நிற்பர். கணக்கின் மொத்த இருப்பு எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

தவணை தவறும்போது

தவணை நாளைச் சம்பளம் வரும் நாளையொட்டி அமைத்து, தொகை தானாகச் செல்லுமாறு வங்கிக்கு நிலையான அறிவுறுத்தல் தந்துவிட்டால் மறதியால் நேரும் தவறுகள் குறையும். மறதியன்று, இயலாமை என்றால்? இங்குதான் செயலியின் பண்பு வெளிப்படும்.

தவணை தவறியதும் ஐவருக்கும் அறிவிப்பு அனுப்புவது அவமானத்தையே விளைவிக்கும். முதலில் உரியவருக்கு மட்டும் செய்தி செல்லட்டும். சில நாள் அவகாசம், தொகையைக் குறைத்தல், இலக்கைத் தள்ளிவைத்தல் என மூன்று வழிகளை அது காட்டட்டும். அவர் தேர்ந்த முடிவை மட்டும் குழுவுக்குத் தெரிவித்தால் போதும். காரணத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். தவணைத் தொகையை மாற்றிக்கொள்ள இடந்தரும் தொடர் வைப்புகளைச் சில வங்கிகள் வழங்குகின்றன. வருமானம் நிலையற்றவர்களுக்கு அவை பொருந்தும்.

வேலையிழந்த நண்பர் இப்போது என்ன செய்வார்? தொகையைக் குறைத்துக்கொள்வார், அல்லது தம் சேமிப்பை எடுத்துக் குடும்பச் செலவைக் கவனிப்பார். எவருக்கும் கடன்படாததால் எவரையும் தவிர்க்க வேண்டியதில்லை. மற்ற நால்வரும் பயணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைக்கலாமா என்று அவரிடமே கேட்கலாம்.

இத்தகைய செயலி எதையேனும் பதிவிறக்குமுன் வாடிக்கையாளர்கள் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். பணம் யார் பெயரில் இருக்கும்? பிறர் இசைவின்றி என் பணத்தை நான் எடுக்க முடியுமா? என் கணக்கு விவரங்களை யார் பார்ப்பர்? இவற்றுக்குத் தெளிவான விடை தராத செயலியைத் தவிர்ப்பதே நலம்.